ஆறாம் நம்பர் வீட்டு வழி

2016ஆம் ஆண்டு மே 18, புதன்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் ஆறு லைன் வீடுகளில் ஆறாம் நம்பர் வீட்டுக் கொல்லைப்புறப் பொடக்காலியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த சென்னியப்பன், எதிர்ச் சுவரில் வாழைக்காய் பருமனுக்கு ஓர் ஓட்டை இருப்பதையும், அந்த ஓட்டைக்கு அந்தப்புறம் பொள்ளாச்சி பேருந்தின் பின்சக்கரம் நிற்பதையும் பார்த்தார். வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு மறுபடி பார்த்தபோது சக்கரம் போய்விட்டிருந்தது. ஓட்டை இருந்தது.

செங்காட்டூர் மில் 1998இல் மூடப்பட்டபோது, மில்லுக்குச் சொந்தமான லைன் வீடுகளை அவற்றில் குடியிருந்த தொழிலாளர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்றாம் நம்பர் மோட்டார் ரூம், இரண்டாம் நம்பர் டிரான்ஸ்பார்மர் என்பதால் வீடுகள் மூன்றில் தொடங்கி எட்டில் முடிந்தன. எல்லா வீட்டுக்கும் பின்சுவர் ஒன்றுதான், மில்லின் காம்பவுண்டுச் சுவர். அந்தச் சுவருக்கு மறுபக்கம் மெயின் ரோடு, ரோட்டில் பஸ் ஸ்டாப், பஸ் ஸ்டாப்புக்கு எதிரே அங்கன்வாடி. அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருப்பவர்களுக்கு நடத்துனர் விசில் ஊதுவதும், யாரோ சில்லறை இல்லை என்பதும், அதற்கு அவர் சொல்லும் பதிலும் தெளிவாகக் கேட்கும். ஆனால் அந்தப் பேருந்தில் ஏற வேண்டுமென்றால் லைன் இருக்கும் முட்டுச்சந்திலிருந்து மேற்கே போய் மில்லைச் சுற்றி ஒன்றேகால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். நடந்து போய்ச் சேரும்போது எந்தப் பேருந்தும் நின்றதில்லை.

இதற்காக, லைன் குடியிருப்போர் சங்கத் தலைவர் என்ற முறையில், சென்னியப்பன் பதினெட்டு வருடத்தில் நாற்பத்து மூன்று மனு எழுதியிருந்தார். கலெக்டருக்கு எழுதினார், பேரூராட்சிக்கு எழுதினார், போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதினார், ஒருமுறை கோபத்தில் ரயில்வேக்கும் எழுதினார். ரயில்வே மட்டும்தான், இது தங்கள் துறை சார்ந்ததல்ல என்று மரியாதையாகப் பதில் போட்டது. முதல் மனு எழுதியது ஊருக்காக அல்ல, மனைவி துளசிமணிக்காக. துளசிமணி அங்கன்வாடியில் சமையல் உதவியாளர். கண்ணுக்கெதிரே சுவருக்கு அப்பால் இருக்கும் வேலைக்கு, முழங்கால் இரண்டும் தேய்ந்து, தினமும் போக வர இரண்டரை கிலோமீட்டர் நடப்பவர்.

ஓட்டையை அன்று மத்தியானத்துக்குள் லைனே வந்து பார்த்துவிட்டது. ஐந்தாம் நம்பர் பழனாத்தாள், ரவிக்கை தைப்பவர், ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்து, "டீசல் வாசம் வருதுங்ண்ணா" என்றார். ஏழாம் நம்பர் குப்பண்ணன், மில்லில் பாய்லர் பார்த்தவர், குனிந்து பார்த்துவிட்டு எலியாகத்தான் இருக்கும் என்றார்.

"எலிக்கு என்னத்துக்குங் பஸ் ஸ்டாப்பு? பொள்ளாச்சி போகுதா?" என்றார் பழனாத்தாள்.

"உனக்கு எதுக்கோ அதுக்கும் அதுக்குத்தான் அம்மிணி."

வியாழக்கிழமை, நாடே தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், ஓட்டை பப்பாளி அளவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சென்னியப்பன் வீட்டு முன்கூடமான ஆசாரம் இரண்டு பக்கமும் ஒரு சாண் ஒடுங்கியது, பீரோ கோணலாகத் திரும்பி நின்றது, வாசற்படியும் பின்சுவரும் ஒன்றையொன்று பார்த்து நகர்ந்து வருவதுபோல நடுவிலிருந்த அடுப்படி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. அதே வெள்ளிக்கிழமை, ஐந்தாம் நம்பரிலும் ஏழாம் நம்பரிலும் ஆறாம் நம்பரை ஒட்டிய சுவர்கள் தடித்து நிமிர்ந்து ஆணி இறங்காத அளவுக்குக் கெட்டியாயின. பழனாத்தாள் காலண்டர் மாட்ட நான்கு ஆணியை வளைத்துவிட்டு, காலண்டரைத் தையல் மிஷின் மேலேயே வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மூன்றுக்கும் நான்குக்கும் இடையிலிருந்த சுவர் அப்பளம்போல மெலிந்து, மதியத்துக்குள் இல்லாமலே போனது. அந்த இரண்டு வீட்டிலும் இருந்தவர்கள் அண்ணன் தம்பி. பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். இப்போது ஒரே ஆசாரத்தில் இரண்டு டி.வி.க்கு முன்னால் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் போனதைப் பற்றி அண்ணன் எதுவும் சொல்லவில்லை, தம்பியும் சொல்லவில்லை, சத்தத்தை மட்டும் இருவரும் கூட்டி வைத்தார்கள். எந்நாளும் பேசிக்கொண்டுதான் இருந்த அவர்களுடைய மனைவிமார் இரண்டு கிரைண்டரில் ஒன்றைத் துடைத்து மூட்டை கட்டிப் பரணில் போட்டார்கள். எட்டாம் நம்பர்க்காரர் மகனோடு திருப்பூரில் இருந்ததால் அவர் வீடு யாரையும் கேட்காமல் காம்பவுண்டுச் சுவரோடு ஐக்கியமாகி அதன் பாசியும் நிறமும் பெற்றுக்கொண்டது. கதவில் தொங்கிய பூட்டு மட்டும் சுவரில் பதிந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லைன் ஆட்கள் எல்லோரும், பக்கத்தில் படித்தவர் என்று இருந்த ஒரே ஆளான புழு டீச்சரிடம் போனார்கள்.

புழு டீச்சரின் பெயர் வசுமதி. அவர் டீச்சர் அல்ல. கண்ணாடி போட்டுக்கொண்டு தனியாக இருக்கும் பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று லைனுக்குத் தெரியாது. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடிபோல உள்ளே எல்லாம் தெரிகிற உருளைப்புழுக்கள் முட்டையிலிருந்து வளர்வதை முப்பத்தொரு வருடம் உருப்பெருக்கியில் பார்த்து ஓய்வு பெற்றவர். தைப் பொங்கலுக்குப் பிறகு வந்து, லைனுக்கு எதிரே இருந்த மில்லின் பழைய டைம் ஆபீஸை வாடகைக்குப் பிடித்திருந்தார். தொழிலாளர்களுக்குப் பிரிவுவாரியாக வருகை டோக்கன் கொடுத்த காலத்தில் வைத்த ஆறு ஜன்னல்கள் அந்தக் கட்டடத்துக்கு. வெளிச்சம் நன்றாக விழுந்ததால் நான்காவது ஜன்னலில் மேசை போட்டு, கூடவே கொண்டுவந்திருந்த நாற்பது தட்டுப் புழுக்களைக் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை பார்த்துக்கொண்டிருப்பார். நான்காவது ஜன்னலுக்கு நேர் எதிரே ஆறாம் நம்பர் வீடு.

சென்னியப்பன் நடந்ததைச் சொல்லச் சொல்ல வசுமதியின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"மூணுல இருந்து எட்டுன்னு நம்பர்கூட அப்படியே போட்டிருக்கீங்களே" என்றார்.

"எது அப்படியேங்க?"

"புழுவோட வயித்துக்கடியில ஆறு செல் வரிசையா இருக்கும். நாங்க அதுக்கு மூணுல இருந்து எட்டு வரைக்கும்தான் நம்பர் போட்டிருக்கோம். ஆறும் ஒரே மாதிரி, எது வேணாலும் எதுவா வேணாலும் ஆகலாம். அதுக்கு எதிர்ல ஒரு செல் தனியா உக்காந்திருக்கும். அது ஒரு சேதி அனுப்பும். ரொம்பக் கிட்ட இருக்கற ஆறாம் நம்பருக்குத்தான் அது பலமா கேக்கும். கேட்டதும் அது வாசலா மாற ஆரம்பிச்சுடும். ஆரம்பிச்ச கையோட ரெண்டு பக்கத்து வீட்டுக்கும் சொல்லிடும், நான் வாசல் ஆயிட்டேன், நீங்க ஆகாதீங்க, எனக்கு நிலைக்காலா நில்லுங்கன்னு. தூரத்துல இருக்கற மத்த மூணு செல்லுக்கும் ஒண்ணும் கேக்காது. அது மூணும் தோலோட தோலா சேர்ந்துடும்."

"என்ன வாசலுங்க டீச்சர்?" என்று கேட்டார் குப்பண்ணன்.

"முட்டை போடற வாசல்."

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் சற்று நேரம் மில் புகைபோக்கியைப் பார்த்தார்கள்.

"அப்ப இங்க சேதி அனுப்பறது யாருங்க?" என்றார் சென்னியப்பன்.

"நான்தான் போலிருக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. உக்காந்திருந்தேன். அந்த செல்லும் அப்படித்தான், உக்காந்துதான் இருக்கும்."

குப்பண்ணன் தொண்டையைச் செருமினார். "அந்தச் சேதி அனுப்பற செல்லு இல்லாமப் போச்சுன்னா?"

"நாங்களே லேசர் வச்சுப் பொசுக்கிப் பார்த்திருக்கோம். வாசல் வராது. முட்டையெல்லாம் உள்ளேயே பொரிஞ்சு, குஞ்சுப்புழுக்கள் தாயைத் தின்னுட்டு வெளியே வரும்." வசுமதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதானுங்க. பொது அறிவுக்கு."

சென்னியப்பன் எதிரே இருந்த தன் வீட்டைப் பார்த்தார். அந்த வீட்டை எழுதி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் ஓர் அறை, ஒரு தளம், ஒரு அலமாரி என்று தன் கையாலேயே கலவை குழைத்துக் கட்டியவர் அவர். லைனிலேயே டைல்ஸ் போட்ட ஒரே வீடு அது. "வழி வேணும்னுதானுங்க கேட்டோம். என் வீட்டயா கேட்டோம்?" என்றார்.

பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தலைவர் குரலில், ஒரு யோசனை சொன்னார். மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்களுக்கு, யாரும் விரும்பாத ஒன்றை எல்லோருக்கும் பங்குபோடத் தெரிந்த வழி ஒன்றுதான். அது ஷிப்ட். டீச்சர் ஒரே ஜன்னலில் உட்காருவதால்தானே ஒரே வீடு கெடுகிறது? திங்கள்கிழமை முதல் ஜன்னல், மூன்றாம் நம்பருக்கு எதிரே. செவ்வாய்க்கிழமை இரண்டாவது, நான்காம் நம்பருக்கு. இப்படியே சனிக்கிழமை எட்டாம் நம்பரில் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டீச்சருக்கும் சேதிக்கும் வார விடுமுறை. பாரபட்சம் இல்லை. எல்லோரும் கை தூக்கினார்கள். பேசாத அண்ணன் தம்பிகூட, ஒருவர் தூக்கியதை மற்றவர் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், சேர்ந்து தூக்கினார்கள்.

"புழுவுல சேதி எல்லாப் பக்கமும் போனா, வாசல் எல்லாப் பக்கமும் பாதி பாதியா வரும்" என்றார் வசுமதி. "ஒண்ணாலயும் முட்டை போட முடியாது."

ஆனால் அதற்குள் எட்டாம் நம்பர் ஆளில்லாத வீடுதானே, அதற்கு ஏன் இரண்டு நாள் தரக்கூடாது என்று வேறொரு விவாதம் சூடு பிடித்துவிட்டது. வசுமதி வற்புறுத்தவில்லை. முப்பத்தொரு வருடம் புழுக்களை ஒரு வார்த்தை கேட்காமல் தட்டு விட்டுத் தட்டு மாற்றியவர், தன்னை யாராவது ஜன்னல் விட்டு ஜன்னல் மாற்றுவது நியாயம்தான் என்று எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் சென்னியப்பனே வந்து மேசை, நாற்காலி, உருப்பெருக்கி, நாற்பது தட்டு எல்லாவற்றையும் அன்றைய ஜன்னலுக்குத் தூக்கி வைத்தார்.

மூன்றாவது வாரத்தில் லைனில் வாசல் இல்லாத வீடே இல்லை, உருப்படியான வாசலும் ஒன்றில்லை. மூன்றாம் நம்பரில் தொடங்கிய வாசல் வளைந்து நான்காம் நம்பர் அரிசிப் பானைக்குப் பின்னால் வந்து முடிந்தது. நான்காம் நம்பர் வாசல் முழங்கால் உயரத்தில் ரோட்டுக்குத் திறந்து, பஸ்ஸுக்கு நிற்பவர்களின் கெண்டைக்கால்களை நாள் முழுவதும் காட்டியது. பழனாத்தாள் வீட்டில் ஓட்டை கூரைக்குப் பக்கத்தில் விழுந்ததால், பேருந்தின் மேற்படியில் நிற்பவர்கள் உள்ளே பார்த்து, "அக்கா, கொக்கி வச்சுத் தைப்பீங்களா?" என்று விசாரித்தார்கள். மூன்று ரவிக்கைக்கு அப்படியே ஆர்டர் வந்தது. குப்பண்ணன் வீட்டு வாசல் உள்ளே நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்தது. அதில் போன ஆடு ஒன்று சாயங்காலம்வரை நடந்துகொண்டேயிருந்தது. சுவர்கள் எப்போது கெட்டி, எப்போது மெத்து என்று தெரியாததால் யாரும் எதிலும் சாய்வதில்லை. ஆறாம் நம்பர் ஓட்டைக்கு மட்டும் ஓர் ஒழுங்கு இருந்தது. தன் முறையான வியாழக்கிழமை ஆள் நுழைகிற அளவுக்கு விரியும், மற்ற நாள் ஒடுங்கும்.

சென்னியப்பனுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. வந்த மூன்று வியாழக்கிழமையும் துளசிமணி, அவர் டைம் ஆபீஸில் மேசை நகர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த ஓட்டை வழியாகப் புகுந்து மூன்று நிமிடத்தில் வேலைக்குப் போயிருந்தார். மூன்று நிமிடத்தில் போய்ப் பழகிய முழங்கால் அதற்குப் பிறகு ஒன்றேகால் கிலோமீட்டரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 15, புதன்கிழமை, காலை எட்டு பத்துக்கு, அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கும் நாள் என்பதால், எலிக்குப் பயந்து வீட்டில் வைத்திருந்த முட்டைத் தட்டை முதலில் ஓட்டை வழியாக அந்தப்புறம் நின்ற ஒருவரிடம் நீட்டிக் கொடுத்துவிட்டு, துளசிமணி தலையையும் கையையும் நுழைத்தார், தோள் போனது, இடுப்பில் சுவர் பிடித்துக்கொண்டது.

சென்னியப்பன் வந்து பார்த்தபோது பொடக்காலிச் சுவரில் மனைவியின் கால் இரண்டும் தெரிந்தன. பாதி வீட்டில், பாதி பஸ் ஸ்டாப்பில்.

"அம்மிணி! நோவுதா?"

"மொல்ல! உங்களுக்கு அரைச் சத்தத்துல பேசத் தெரியாதா? இங்க அத்தனை பேரு நிக்கறாங்க" என்று சுவருக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

அந்தப்புறம் பொள்ளாச்சி பேருந்து நின்றிருந்தது. முட்டைத் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அதன் நடத்துனர். "ஏனுங்கம்மா, ஏறறீங்களா, எறங்கறீங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லீங். நீங்க முட்டையைச் சாய்க்காம புடிங்க. இருவத்தெட்டு இருக்குது."

நடத்துனரும் இரண்டு பயணிகளும் கையைப் பிடித்து இழுத்தார்கள், இந்தப்புறம் சென்னியப்பனும் குப்பண்ணனும் காலைப் பிடித்துத் தள்ளினார்கள். கடப்பாரை கொண்டு வரட்டுமா என்று குப்பண்ணன் கேட்டதற்கு, கொண்டுவந்தால் உங்கள் மண்டையில்தான் முதலில் இறங்கும் என்று சுவர் சொன்னது. அந்தப்புறம் யாரோ துளசிமணிக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் குடிக்கும் சத்தம் இங்கே கேட்டது. பேருந்து நேரமாகிவிட்டதென்று, முட்டையை எதிரே அங்கன்வாடியில் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்த பிறகு, சென்னியப்பன் அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தேங்காய் பருமனுக்கு வீங்கியிருந்தன. பதினெட்டு வருடத்தில் அவர் அவற்றை இத்தனை பக்கத்தில் பார்த்தது அன்றுதான்.

"வெசாழக்கெழமை வரைக்கும் பொறுக்கக் கூடாதா? நாளைக்குத்தானே நம்ம மொறை" என்றார்.



"வழி வேணும்னு நாப்பத்திமூணு மனு எழுதுனீங்களே" என்றார் துளசிமணி, இந்த முறை சத்தம் கூட்டாமல். "அது யாரு ஊட்டு வழியா வரும்னு நெனச்சு எழுதுனீங்க?"

சென்னியப்பன் எழுந்தார். ஆசாரத்தைத் தாண்டும்போது டைல்ஸைப் பார்க்காமல் தாண்டினார். தெருவைக் கடந்து டைம் ஆபீஸுக்குள் போனார். வசுமதி மூன்றாவது ஜன்னலில், ஐந்தாம் நம்பருக்கு எதிரே, உருப்பெருக்கியில் கண் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், எந்திரிங்க."

"இன்னிக்கு புதன்கிழமை. பழனாத்தாள் முறை."

"ஷிப்ட் முடிஞ்சுதுங்க. நாலாவது ஜன்னலுக்கு வாங்க."

வசுமதி தலையைத் தூக்கிப் பார்த்தார். "எத்தனை நாளைக்கு?"

"வாசல் ஆகற வரைக்கும்."

"ஆயிட்டா திரும்ப வீடு ஆகாது. செல் ஒரு தடவை ஆனது ஆனதுதான். நல்லா யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சதுக்கு அங்க ஒருத்தி செவுத்துல தொங்கறா. எந்திரிங்க தாயி."

மேசையைத் தூக்கி ஒரு ஜன்னல் தள்ளி வைத்தார், நாற்காலியை வைத்தார், நாற்பது தட்டையும் ஒவ்வொன்றாக அடுக்கினார், கடைசியில் உருப்பெருக்கியைத் துண்டால் துடைத்து வைத்தார். வசுமதி உட்கார்ந்தார். வேறொன்றும் செய்யவில்லை. பத்து மணி சுமாருக்கு ஆறாம் நம்பர் வீட்டு அடுப்படி ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டது, படுக்கையறை மறுபக்கம் ஒதுங்கியது, பதினெட்டு தீபாவளியின் அலமாரிகள் சுவருக்குள் ஒவ்வொன்றாகப் போய் மறைந்தன, டைல்ஸ் ஓரத்திலிருந்து மடங்கி மடங்கி உள்ளே இறங்கியது. பத்து பதினைந்துக்குச் சுவர் துளசிமணியை விட்டது. அவர் ரோட்டில் இறங்கி நின்று, புடவையை உதறிக்கொண்டு, திரும்பிப் பார்த்தார். வாசற்படியிலிருந்து ரோடு வரைக்கும் ஒரே வெளிச்சம், அந்த வெளிச்சத்துக்கு நடுவில் புருஷன். "முட்டைக்கு நேரமாச்சு, வந்து பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தார்.

ஒரு வாரத்தில் மற்ற ஐந்து வீட்டுப் பாதி வாசல்களும் தானாக மூடிக்கொண்டன. ஐந்தாம் நம்பரும் ஏழாம் நம்பரும் வழிக்கு இரண்டு பக்கமும் நிலைக்காலாக நின்றன. ஒரு நிலையில் பழனாத்தாள் தையல் மிஷினைப் போட்டார், மறு நிலையில் குப்பண்ணன் டீக்கடை வைத்து, இதெல்லாம் தான் முதலிலேயே சொன்னது என்று டீ குடிக்க வந்தவர்களிடம் சொன்னார். மூன்றும் நான்கும் ஒன்றாகவே இருந்தன. அண்ணன் டி.வி. பழுதான நாளிலிருந்து இரண்டு பேரும் தம்பி டி.வி.யைப் பேசாமல் பார்த்தார்கள். திருப்பூரிலிருந்து வந்த எட்டாம் நம்பர்க்காரர் சுவரில் பதிந்த பூட்டைச் சாவி போட்டுத் திறந்து பார்த்தார். பூட்டு திறந்தது. சுவர் திறக்கவில்லை. மகனோடேயே இருந்துகொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார். வசுமதி இதையெல்லாம் நோட்டில் எழுதி, கீழே, "ஒரே ஒரு லைனில் பார்த்தது, இன்னும் பல லைன்களில் பார்க்க வேண்டும்" என்று குறித்து வைத்தார்.

சென்னியப்பனும் துளசிமணியும் வழியிலேயே குடியிருந்தார்கள். ஒரு பக்கம் ஒரு கட்டில், மறுபக்கம் அடுப்பு, நடுவில் ஊர். முதல் மாதம் சென்னியப்பன் போகிறவர்களையெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். சிலர் செய்தார்கள். அடுத்த மாதம் மிதியடி போட்டார். அதற்கடுத்த மாதம் அதையும் எடுத்துவிட்டார். வேற்றூரிலிருந்து வருகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் தயங்கி நின்றால், "நீங்க போங்க, நாங்க இப்படித்தானுங்க" என்று தட்டை ஓர் அங்குலம் நகர்த்திக்கொள்வார். இருபத்தேழு அடி நடந்து ரோட்டைக் கடந்து வேலைக்குப் போன துளசிமணி மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரத் தொடங்கினார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் வேலைநாளில் அவர்கள் சேர்ந்து சாப்பிட்டது அப்போதுதான்.

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, செங்காட்டூர் பேரூராட்சி ஆறாம் நம்பரை வீட்டுப் பட்டியலிலிருந்து நீக்கி, இருபத்தேழு அடி நீளமும் நான்கரை அடி அகலமும் உள்ள பொதுப்பாதை என்று பதிவு செய்தது. ஆணையை நேரில் கொடுக்க வந்த ஊழியர், பாதையில் இருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால், அவர்கள் கை கழுவும்வரை காத்திருந்தார்.